பிளேன்டீயை விட்டால் பல் வெளுக்குமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது இருபத்தேழு. வீடு வெள்ளவத்தை, வேலை கொள்ளுப்பிட்டியில். ஒரு நாளைக்கு ஆறு தேத்தண்ணி போகிறது, ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி. பல் வரவர மஞ்சளாகிக்கொண்டு வருகிறது, தை பிறந்தால் கல்யாணம். அம்மம்மா தேத்தண்ணியை விடு என்கிறா, உமிக்கரியால் மினுக்கு என்கிறா. நீங்களோ யாரோ காணொளியில் சொன்னதைக் கேட்டு விடிய வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணி குடிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். வவுனியா மச்சாள் தேத்தண்ணியே தொடமாட்டா, ஆனால் அவவின் முன் பற்களில் மண்ணிறத் திட்டுகள், அது எப்படி என்றும் கேட்டிருக்கிறீர்கள். எதைச் சாப்பிட்டால் பல் வெள்ளையாகும் என்று கேட்பதுபோல் இருந்தாலும் உள்ளே இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. பல்லின் நிறம் எதனால் மாறுகிறது என்பது ஒன்று, பல் எதனால் பழுதாகிறது என்பது மற்றது. பேராதனையில் படித்து, வவுனியாவிலும் பிறகு கொழும்பிலும் அடுத்தவர் வாய்க்குள் எட்டிப்பார்த்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நீங்கள் சந்தேகப்படும் ஆள் பெரும்பாலும் நிரபராதி. கூட வந்தவர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

பல் இயற்கையிலேயே தூய வெள்ளை கிடையாது. மேலே இருக்கும் எனாமல் ஓரளவு ஒளி ஊடுருவக்கூடியது, அதற்குக் கீழே இருக்கும் டென்டின் மஞ்சள். மஞ்சள் சுவருக்கு முன்னால் வைத்த மங்கல் கண்ணாடி என்று நினைத்துக்கொள்ளுங்கள், கண்ணுக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த நிறம். வயது போகப் போக எனாமல் தேய்ந்து மெலியும், உள்ளே டென்டின் தடிக்கும், ஆகவே ஒரு துளி தேத்தண்ணி குடிக்காதவருக்கும் நாற்பது வயதில் பல் இருபது வயதில் இருந்ததைவிட மஞ்சளாகத்தான் இருக்கும். சிலருக்குப் பிறவியிலேயே எனாமல் மெல்லிசு. இப்போது கைபேசியில் படம் எடுத்தால் அந்தச் செயலியே பல்லை வெளுப்பாக்கிக் காட்டுகிறது. அந்தப் படத்தைக் கொண்டுவந்து இந்த நிறம் வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் கண்ணின் வெள்ளையைக் கண்ணாடியில் பாருங்கள், பல் அதைவிட வெள்ளையாக இருந்தால் அழகாக இருக்குமா என்றுதான்.

இனி தேத்தண்ணி. பல்லை எவ்வளவுதான் மினுக்கினாலும் சில நிமிடங்களுக்குள் எச்சிலில் உள்ள புரதங்கள் அதன் மேல் மெல்லிய படலமாகப் படிந்துவிடும். தேயிலையில் உள்ள தனின்கள் அந்தப் படலத்தைப் பிடித்துக்கொள்கின்றன. சாயம் கூடினால் கறையும் கூடும். கோப்பியும் இதே வேலையைச் செய்யும், மஞ்சளும் மிளகாய்த்தூளும் கூட்டிய கறியும் கொஞ்சம் செய்யும். பாலில் உள்ள கேசின் என்ற புரதம் தனினைக் கோப்பைக்குள்ளேயே பிடித்து வைத்துவிடுவதால் பால் தேத்தண்ணி, பால் விடாத பிளேன்டீ அளவுக்குக் கறை போடாது. குளோர்ஹெக்சிடின் கலந்த மருந்துக் கொப்பளிப்பானைக் கிழமைக்கணக்கில் பாவிப்பவர் அதோடு தேத்தண்ணியும் குடித்தால் கறை இருமடங்கு வேகத்தில் ஏறியதுபோல் தெரியும். பல் இடுக்கிலும் முரசு (ஈறு) ஓரத்திலும் காறை, அதாவது கல்லாய் இறுகிய அழுக்கு, படிந்திருந்தால் அதன் சொரசொரப்பில் கறை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். இவ்வளவும் மேற்பூச்சுக் கறை. பல்லின் உடம்பு அப்படியே இருக்கும், வைத்தியரிடம் அரை மணித்தியாலம் வாயைத் திறந்தபடி இருந்தால் போய்விடும். சீனி போடாத பிளேன்டீயால் பல் சூத்தை விழாது. தேயிலையில் இயல்பாகவே கொஞ்சம் புளோரைட்டும் இருக்கிறது, அது பல்லுக்கு ஆதரவான பக்கத்தில்தான் சேரும்.

பிரச்சினை உங்கள் கோப்பைக்குள் இருக்கும் மற்றப் பொருள். வாயில் இருக்கும் பக்டீரியாக்கள் சீனியைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. பல்லின் மேல் படிந்த அழுக்கின் பீஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) சாதாரணமாக ஏழுக்குக் கிட்ட இருக்கும். இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் 5.5க்குக் கீழே இறங்கும். அந்த எல்லைக்குக் கீழே எனாமலின் கல்சியமும் பொஸ்பேட்டும் கரையத் தொடங்கும். பிறகு எச்சில் மெல்ல மெல்ல அமிலத்தைத் தணித்து, கரைந்ததில் ஒரு பகுதியைத் திரும்பவும் பல்லில் படிய வைக்கும். இதற்கு அரை மணியிலிருந்து ஒரு மணித்தியாலம் வரை போகும். 1940களில் ஸ்டெபான் என்ற ஆராய்ச்சியாளர் இதை அளந்து வரைந்த வளைகோட்டைப் பல் மருத்துவ மாணவர்கள் இன்றைக்கும் முதலில் படிக்கிறார்கள். இப்போது உங்கள் நாளை அந்த வளைகோட்டில் வைத்துப் பாருங்கள். விடிய ஆறரைக்கு ஒன்று, கந்தோருக்குப் போனதும் ஒன்று, பத்தரைக்கு மாரி பிஸ்கட்டோடு ஒன்று, மத்தியானச் சோற்றுக்குப் பிறகு ஒன்று, நாலு மணிக்கு ரோல்ஸோ கட்லட்டோ கடித்துக்கொண்டு ஒன்று, வீட்டுக்கு வந்ததும் ஒன்று. இப்படிப் போனால் எச்சில் ஒரு தடவை பழுதுபார்த்து முடிக்க முன்னமே அடுத்த தாக்குதல் வந்துவிடும். கோப்பையை மேசையில் வைத்து ஒரு மணித்தியாலம் உறிஞ்சிக் குடிக்கும் பழக்கம் இருந்தால் இன்னும் மோசம்.

எவ்வளவு சீனி என்பதைவிட எத்தனை தடவை, எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்பதே முக்கியம் என்று காட்டியது 1945இல் சுவீடனில் தொடங்கிய விப்பெஹோல்ம் ஆய்வு. அறிவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களை வைத்திருந்த ஒரு நிலையத்தில், அவர்களுக்கு ஒட்டும் டொபியை வேண்டுமென்றே கொடுத்துச் சூத்தை விழ வைத்துப் பார்த்தார்கள். இன்றைக்கு அப்படி ஒரு ஆய்வுக்கு எந்த நெறிமுறைக் குழுவும் கையொப்பம் வைக்காது, வைக்கவும் கூடாது. ஆனால் அதன் முடிவை நாம் இன்றும் பாவிக்கிறோம், அந்த உறுத்தலோடுதான் பாவிக்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து எடுத்த சீனி குறைவாகவும், இடைவேளைகளில் எடுத்த ஒட்டும் இனிப்பு மிக அதிகமாகவும் பல்லைக் கெடுத்தன. அளவும் முக்கியமில்லாமல் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது, ஒரு நாளின் சக்தியில் பத்து வீதத்துக்குக் குறைவாகவே சேர்த்த சீனி இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குக் குறைந்தால் இன்னும் நல்லது என்று. பத்து வீதம் என்பது வளர்ந்தவர் ஒருவருக்கு ஏறக்குறைய 50 கிராம். ஒரு தேக்கரண்டி சுமார் நாலு கிராம் என்று வைத்தால் உங்கள் ஆறு கோப்பை மட்டுமே 48 கிராம். பிஸ்கட்டை இன்னும் எண்ணத் தொடங்கவில்லை.

இங்கே ஒரு வாதம் கட்டாயம் வரும், யாழ்ப்பாணத்து ஆட்களிடமிருந்து அடிக்கடி வரும்: நாங்கள் சீனி போடுவதில்லை, பனங்கட்டி கடித்துத்தான் குடிக்கிறோம், அது இயற்கை. பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் தேனும் பக்டீரியாவுக்கு இயற்கையாகத்தான் இனிக்கும். பனங்கட்டியில் பெரும்பகுதி சுக்குரோஸ், கடையில் வாங்கும் சீனியும் அதேதான். துண்டைக் கடைவாயில் ஒதுக்கிவைத்துக் குடிக்கும்போது அந்த இடத்துப் பல் அதிலேயே ஊறிக் கிடக்கிறது. கடையில் வாங்கும் பால் தேத்தண்ணியும் கறை குறைவு என்ற காரணத்துக்காகத் தப்பிவிட முடியாது, டின்பாலில் பாதிக்குக் கிட்டச் சீனிதான். போத்தல் பானம் வாங்கும்போது லேபிளில் உள்ள நிற வட்டத்தைப் பாருங்கள். 2016 முதல் நம் நாட்டில் அது கட்டாயம். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, இரண்டுக்குக் கீழே இருந்தால் பச்சை. பல்லைப் பொறுத்தவரை பச்சையும் முழுப் பத்திரம் இல்லை, ஏனென்றால் சீனி இல்லாத சோடாவிலும் அமிலம் இருக்கிறது.

அமிலம் என்றதும் உங்கள் தேசிக்காய்த் தண்ணிக்கு வர வேண்டும். நீங்கள் எழுதியதில் என்னை உண்மையாகவே கவலைப்படுத்தியது இதுதான். தேசிக்காய்ச் சாற்றின் பீஎச் இரண்டுக்கும் இரண்டரைக்கும் இடையில். தண்ணீர் கலந்தாலும் 5.5 என்ற எல்லைக்கு வெகு கீழேதான் நிற்கும். இதற்குப் பக்டீரியாவின் உதவிகூடத் தேவையில்லை, நேரடியாகவே எனாமலின் மேற்பரப்பை மென்மையாக்கிவிடும். முதல் ஒன்றிரண்டு கிழமை பல் பளிச்சென்று தெரியலாம், மேற்கறை கழன்றிருக்கும். அதன் பிறகு நடப்பது நேர் எதிர். எனாமல் என்ற அந்தக் கண்ணாடி மெலிய மெலிய உள்ளே இருக்கும் மஞ்சள் கூடுதலாகத் தெரியும், பல்லும் கூசும். போன எனாமல் திரும்ப வளராது. அதை உண்டாக்கிய கலங்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன. தேசிக்காயோடு உப்போ அப்பச்சோடாவோ கலந்து பல்லில் தேய்க்கச் சொல்லும் காணொளிகளும் இருக்கின்றன. அமிலத்தால் இளக்கிவிட்டு அரத்தால் சுரண்டச் சொல்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். காலி முகத்திடலில் மாங்காயும் அன்னாசியும் உப்புத்தூள் போட்டு எப்போதாவது தின்பது ஒன்றும் பெரிய குற்றமில்லை. தினமும் ஒரே நேரம், வெறும் வாயில், மெல்ல உறிஞ்சிக் குடிப்பதுதான் எனாமலை அரிக்கும். குடித்தே ஆக வேண்டுமென்றால் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்துவிட்டுச் சாதாரணத் தண்ணீரால் கொப்பளியுங்கள். புளிப்புச் சாப்பிட்ட உடனே பல் மினுக்கக் கூடாது, அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று நாங்கள் வழக்கமாகச் சொல்வோம். அமிலம் பட்ட எனாமல் மென்மையாகும் என்பது உறுதி. ஆனால் அந்த அரை மணித்தியாலம் பொறுப்பதால் நடைமுறையில் எவ்வளவு எனாமல் மிஞ்சும் என்பதில் ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நான் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், நட்டம் இல்லாத அறிவுரை என்பதால்.

அம்மம்மாவின் உமிக்கரியைப் பற்றி மரியாதையாகவே சொல்கிறேன். பற்பசை வாங்க வழியில்லாத காலத்தில் அது ஒரு தலைமுறையின் பல்லைச் சுத்தமாக வைத்தது. ஆனால் விரலால் அதை அழுத்தித் தேய்த்தவர்களின் முரசோரத்தில் ஆப்பு வடிவத்தில் பள்ளம் விழுந்திருப்பதை நாங்கள் நிறையப் பார்க்கிறோம். இப்போது அதே கரியைக் கறுப்புக் குழாயில் அடைத்து நல்ல விலைக்கு விற்கிறார்கள். கரி மேற்கறையைச் சுரண்டும், ஆனால் பல்லின் உள்நிறத்தை மாற்றும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. பல கரிப் பற்பசைகளில் புளோரைட்டும் கிடையாது. 1000 முதல் 1500 பி.பி.எம். புளோரைட் உள்ள சாதாரணப் பற்பசை, மென்மையான பிரஷ், ஒரு நாளைக்கு இரண்டு தரம், அதில் ஒன்று படுக்கைக்குப் போக முன். இதற்கு உள்ள ஆதாரத்துக்குப் பக்கத்தில் வேறு எதுவும் வராது. அம்மம்மா வெற்றிலை போடுபவவா என்று நீங்கள் எழுதவில்லை. போடுபவ என்றால் அவவின் பற்களின் சிவப்புக் கறை எனக்கு இரண்டாம் பட்சம். புகையிலை சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் வெற்றிலை பாக்கு வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதி செய்யப்பட்ட விஷயம், இலங்கை ஆண்களிடம் காணப்படும் புற்றுநோய்களில் முன்னிற்பதும் அதுதான். வாய்க்குள் வெள்ளையோ சிவப்போ திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், வாய் முன்போல் திறக்கவில்லை என்ற முறைப்பாடு, இவற்றில் ஏதாவது இருந்தால் உங்கள் கல்யாண வேலையை ஒத்திவைத்துவிட்டு முதலில் அவவைக் கூட்டிக்கொண்டு போங்கள். வோட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலை அரசாங்கத்தினுடையது, காசு ஒரு தடையாக இருக்கத் தேவையில்லை.

மச்சாளின் கதை முற்றிலும் வேறு. நேரில் பார்க்காமல் நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது, ஆனால் நீங்கள் விவரித்த விதமும் அவ வளர்ந்த ஊரும் புளோரோசிஸ் என்ற பக்கம்தான் கையைக் காட்டுகின்றன. உலர் வலயத்தில், அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியாப் பக்கங்களில், பல கிணறுகளின் தண்ணீரில் புளோரைட் லீற்றருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையைத் தாண்டி இருக்கிறது. பாறையிலிருந்து கரைந்து வருவது அது. பல் முரசுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் காலத்தில், அதாவது ஏறக்குறைய எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தால் எனாமல் சரியாக இறுகாமல் சுண்ணாம்பு வெள்ளைக் கோடுகளாகவும் பிறகு மண்ணிறத் திட்டுகளாகவும் தெரியும். அமெரிக்காவின் கொலராடோவில் 1901இல் மக்கே என்ற பல் வைத்தியர் ஊர் முழுக்க இப்படிப் பற்களைக் கண்டு தேடத் தொடங்கினார், தண்ணீரில் இருந்த புளோரைட்தான் காரணம் என்று தெரிய முப்பது வருடம் பிடித்தது. வளர்ந்த பிறகு குடிக்கும் தண்ணீரால் இது வராது, தேத்தண்ணியை நிறுத்துவதாலும் போகாது. கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி கங்கையிலிருந்தும் லபுகம, களட்டுவாவை நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது, அதில் புளோரைட் மிகக் குறைவு. ஆகவே மச்சாளைப் பார்த்துப் பயந்து நீங்கள் புளோரைட் பற்பசையை விட்டுவிடக் கூடாது. அவவுக்கு வேண்டியது வேறு சிகிச்சை. திட்டு மேலோட்டமாக இருந்தால் மெல்லிய ஒரு படையை மட்டும் அகற்றலாம், ஆழமாக இருந்தால் பல் நிறத்துப் பசையால் மூடலாம். இன்னொன்று, பல் அசிங்கமாக இருக்கிறதே தவிர அவ அழுக்காக இருக்கிறா என்று யாரும் நினைக்கக் கூடாது. வவுனியாவில் வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்த பிள்ளைகள் என் நினைவில் நிறைய இருக்கிறார்கள்.

பல்லை வெளுக்க வைக்கும் சாப்பாடு எது என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அப்படி ஒன்று இல்லை. அப்பிளும் கரட்டும் கடித்தால் பல் சுத்தமாகும் என்பதை நம்பாதீர்கள், எச்சிலைச் சுரக்க வைக்கும், அவ்வளவுதான், இடுக்கில் உள்ள அழுக்கு அங்கேயே இருக்கும். பாலும் சீனி போடாத தயிரும் சீஸும் நல்லவை, கல்சியமும் பொஸ்பேட்டும் கொடுக்கின்றன, சீஸ் அமிலத்தைத் தணிக்கவும் செய்கிறது. கித்துள் பாணி ஊற்றிய பிறகு தயிருக்கு அந்தப் பெருமை இல்லை. வளர்ந்தவர் கல்சியம் குளிசை விழுங்கினாலும் பல் வெள்ளையாவதில்லை. சீனி இல்லாத சூயிங்கம் சாப்பாட்டுக்குப் பிறகு எச்சிலைக் கூட்டும் என்பது நிச்சயம், அதில் சைலிட்டோல் என்ற இனிப்பூட்டி இருப்பதால் சூத்தை எவ்வளவு குறையும் என்பதில் ஆதாரம் பலவீனமானது. நல்லெண்ணெய் கொப்பளிப்பதும் அப்படித்தான், தீங்கில்லை, பிரஷுக்குப் பதிலாகச் செய்யாதவரை.

ஆக, தேத்தண்ணியை விடத் தேவையில்லை. சீனியை விடுங்கள், ஒரேயடியாக முடியாவிட்டால் கிழமைக்கு அரை அரைத் தேக்கரண்டியாகக் குறைத்து வாருங்கள், நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். ஆறு கோப்பையில் இரண்டைச் சாப்பாட்டு நேரத்தோடு சேருங்கள், குடித்து முடிந்ததும் ஒரு வாய் தண்ணீர். கல்யாணத்துக்கான வேலையை இந்த ஒழுங்கில் செய்யச் சொல்வேன். இப்போதே ஒரு பல் வைத்தியரிடம் போய்ச் சூத்தை இருக்கிறதா, முரசில் இரத்தம் வருகிறதா என்று பார்த்து, காறையைச் சுத்தம் செய்யுங்கள். காறை எடுத்தால் பல் ஆடும் என்பது கதை, காறைதான் பல்லை ஆட வைக்கும். அதோடு பாதிப் பேருக்கு மனம் நிறைந்துவிடுகிறது, மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை. இன்னும் வெளுப்பு வேண்டுமென்றால் வாய்க்கு அளவெடுத்த தட்டில் 10 வீத கார்பமைட் பெரொக்சைட் என்ற வெளுப்பூட்டும் மருந்தை வைத்து இரவில் அணியும் முறை இருக்கிறது, 1989இலிருந்து பாவனையில் உள்ளது, இரண்டு மூன்று கிழமை எடுக்கும், இடையில் பல் கூசும், பெரும்பாலும் தானாகவே அடங்கும். அந்த நாட்களில் தேத்தண்ணி, கறி எதுவும் தொடக் கூடாது என்று சிலர் கண்டிப்பாகச் சொல்வார்கள். அதனால் முடிவில் பெரிய வித்தியாசம் வருகிறது என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை, மஞ்சள் கறியைக் கொஞ்சம் குறைத்தால் போதும். அழகு நிலையங்களில் செய்யும் வெளுப்பூட்டலுக்குப் போகாதீர்கள், வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத் தெரியாதவர் கையில் அந்த மருந்து இருக்கக் கூடாது.

முன் பல் ஒன்றில் பழைய நிரப்பல் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். இதுதான் உங்கள் திகதியைத் தீர்மானிக்கும். மருந்து இயற்கைப் பல்லை மட்டும் வெளுக்கும், நிரப்பல் பழைய நிறத்திலேயே நிற்கும், ஆகவே வெளுப்பூட்டி முடிந்த பிறகு அதை மாற்ற வேண்டியிருக்கும். உடனே மாற்றவும் முடியாது. பெரொக்சைட் பட்ட எனாமலில் பசை சரியாகப் பிடிக்காது, நிறமும் முதல் சில நாட்கள் கொஞ்சம் இறங்கி வந்துதான் நிலைக்கும், இரண்டு கிழமையாவது பொறுக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் கல்யாணத்துக்குக் குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்னர் தொடங்க வேண்டும். அந்த நிரப்பல் உள்ள பல் மட்டும் மற்றவற்றைவிடச் சாம்பலாகவோ கறுப்பாகவோ மாறியிருந்தால் நரம்பு செத்திருக்கக்கூடும். அப்படியென்றால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், வெளுப்பூட்டும் கதை அதற்குப் பிறகு.